கொசுவலைக்குள்ள ஒரு மதர்போர்டு

அண்ணே வணக்கம். குரூப்புல நீங்க கேட்டதுக்கு யாரும் ஒழுங்கா பதில் சொல்லலைன்னு பாத்துட்டு நானே தனியா வந்துட்டேன். "புது மதர்போர்டு வாங்கிருக்கேன், கேபினெட்ல மாட்டுறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணணுமா"ன்னு கேட்டிருந்தீங்கல்ல? பண்ணணும்ணே. கண்டிப்பா பண்ணணும். சிரிக்கிற பொம்மையைப் போட்டுட்டுப் போனவங்களை விடுங்க. நீங்க சரியான ஆளுகிட்ட வந்திருக்கீங்க. சரி, நான்தான் வந்தேன். ரெண்டும் ஒண்ணுதான்.

என் பேரு யோகலட்சுமி. அருப்புக்கோட்டையில எங்க சித்தப்பா வேல்சாமி ஜெராக்ஸ் கடை வச்சிருக்காரு. அதுல நான்தான் சிஸ்டம். சிஸ்டம்னா கம்ப்யூட்டர் இல்ல, கம்ப்யூட்டரைப் பாத்துக்கிற ஆளு. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, கடை லீவு. ஷட்டரைப் பாதி இறக்கிட்டு உக்காந்திருக்கேன். முன்னாடி காலி கேபினெட்டு, கையில ஸ்க்ரூடிரைவரு. இப்பத்தான் எங்க போர்டை உள்ள மாட்டப் போறேன். ரெண்டு நிமிஷ வேலை. அதுக்கு நடுவுலதான் உங்களுக்கு டைப் பண்றேன். அதனால இடையில காணாமப் போனா கோச்சுக்காதீங்க.

எங்க பழைய போர்டு எப்படிச் செத்துச்சு தெரியுமா? பல்லிண்ணே. கேபினெட்டுக்குப் பின்னாடி ஒரு ஓட்டை. அதுக்குள்ள போயி, எந்த ரெண்டு காலை எங்க எங்க வச்சுச்சோ, டப்புன்னு ஒரு சத்தம். கடை பூரா கருவாட்டு வாசம். சித்தப்பா என்ன பண்ணாரு? ஓடிப்போயி காலண்டரைத் திருப்பி பல்லி விழும் பலன் பாக்குறாரு. தலையில விழுந்தா என்ன, தோள்ல விழுந்தா என்னன்னு எல்லாம் இருக்கு. மதர்போர்டுல விழுந்தா என்னன்னு போடல. "அப்ப தோஷம் இல்ல தாயி"ன்னாரு. செலவு இருந்துச்சே சித்தப்பா!

வழக்கமா எங்க கடைக்கு ரிப்பேர்னா செல்வின் அண்ணன்தான் வருவாரு. ஊருக்கே அவரு "இன்ஜினியர்". என்ன படிச்சாருன்னு யாருக்கும் தெரியாது, பெரிய பை வச்சிருப்பாரு. நான் சித்தப்பாகிட்ட நின்னேன். "இந்தத் தடவை நான் பண்றேன் சித்தப்பா. நூறு வீடியோ பாத்துட்டேன். எனக்கு ஒரு சான்ஸ் குடுங்க"ன்னேன். அவரு யோசிச்சாரு. "சரி, செய்யி. ஆனா நீயே முழுசா மாட்டி ஓட விடணும். பாதியில விட்டு செல்வின் கை வைக்கிற மாதிரி ஆச்சுன்னா, அப்புறம் சிஸ்டம் பக்கமே வரக்கூடாது. லேமினேஷன் மிஷின்தான் உனக்கு."

லேமினேஷன்னா உங்களுக்குத் தெரியாதுண்ணே. வெயில் காலத்துல அந்த மிஷினு பக்கத்துல உக்காந்து ரேஷன் கார்டா தள்ளிக்கிட்டு இருந்தா, சாயங்காலம் நாமளே லேமினேட் ஆன மாதிரி இருக்கும்.

இருங்க, ஷட்டரைத் தட்டுறாங்க.

வந்துட்டேன். ஒரு அக்கா. "கடை லீவுக்கா"ங்குறேன், "எனக்குத் தெரியும்மா, ஒரே ஒரு ஆதார்"ங்குது. லீவுன்னு தெரிஞ்சே வர்றாங்க. எடுத்துக் குடுத்துட்டேன்.

எங்க விட்டேன்? ஆங். சித்திரையில மதுரைக்குப் போயி போர்டு வாங்கிட்டு வந்தோம். அந்தப் பெட்டியை பஸ்ல மேல வைக்கல, கீழ வைக்கல, மடியிலயே வச்சுக்கிட்டு வந்தேன். பக்கத்துல இருந்த பாட்டி அது ஸ்வீட் பாக்ஸுன்னு நெனச்சு எறங்குற வரைக்கும் என் மூஞ்சியையே பாத்துச்சு.

கடைக்காரரு சொல்லித்தான் அனுப்புனாரு, "ஓடலைன்னா இந்த பில்லைக் கொண்டு வாங்க, மாத்தித் தர்றோம். பில்லு இல்லாம வந்தா நான் உங்களைப் பாத்ததே இல்ல." சித்தப்பா தலையை ஆட்டிட்டு வந்தாரு. கடைக்கு வந்ததும் நான் கை கழுவப் போனேன். அவ்வளவுதாண்ணே போனேன்! திரும்பி வந்து பாத்தா லேமினேஷன் மிஷின் ஓடுது. சித்தப்பா பெருமையா நிக்கிறாரு. "பில்லு பத்திரமா இருக்கணும்ல தாயி, தண்ணி பட்டாக்கூட இனிமே ஒண்ணும் ஆகாது."

அந்த பில்லு சூடு பட்டாக் கறுக்குற பேப்பருண்ணே.

வெளிய வந்துச்சு பாருங்க, கன்னங்கரேல்னு. தார் ரோட்டை வெட்டி லேமினேட் பண்ணுன மாதிரி. அதுல கடை பேரும் இல்ல, தேதியும் இல்ல, ஒண்ணும் இல்ல. சித்தப்பா அதை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாத்துட்டு, "லேசாத் தெரியுது"ங்குறாரு. என்னத்தத் தெரியுது? நாலு ஓரமும் நல்லா ஒட்டியிருந்துச்சு, அதை மட்டும் ஒத்துக்கிறேன்.

ஆக, போர்டு ஓடலைன்னா மாத்த முடியாது. இதை மனசுல வச்சுக்கங்க. உங்க பில்லை என்ன பண்ணீங்க? எதுவும் பண்ணாதீங்க.

இப்ப டெஸ்ட் பண்ற முறை சொல்றேன். கேபினெட்டை மறந்துருங்க. போர்டு வந்த அட்டைப்பெட்டி இருக்குல்ல, அதை மேஜை மேல வச்சு, அது மேல போர்டை வைங்க. தொடுறதுக்கு முன்னாடி ஏதாச்சும் இரும்பைத் தொடணும், நம்ம ஒடம்புல இருக்கிற கரண்டு எறங்கணும். நான் ஷட்டரைத் தொட்டேன். அப்புறம் பிராசசரை வச்சு அதைப் பிடிச்சுக்கிற கம்பியை அமுக்கணும். அமுக்கும்போது நெறநெறன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, எனக்கு உசுரே போச்சு. பல்லு ஒடைஞ்ச சத்தம். அப்படித்தான் வருமாம், பயப்படாதீங்க. அப்புறம் ஃபேன், ஒரே ஒரு ராம் மெமரி, கரண்டு குடுக்குற டப்பா, மானிட்டரு. அவ்வளவுதான். பட்டன்தான் கேபினெட்டுல இருக்கே, எப்படி ஆன் பண்றது? அங்கதாண்ணே சூட்சுமம். போர்டு ஓரத்துல ரெண்டு ஊசி நீட்டிக்கிட்டு இருக்கும். ரெண்டையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால ஒரு தொடு தொட்டா எந்திரிச்சிரும்.

நான் தொட்டேன். எந்திரிச்சிருச்சு. ஃபேன் சுத்துது, திரையில வெளிச்சம் வருது, எழுத்து வருது. நான் அழுதுட்டேண்ணே. சித்தப்பாவும் மூக்கை உறிஞ்சுனாரு. "ஓடுதுல்ல? சபாஷ். இப்ப மாட்டிரு"ன்னாரு.

அப்பப் பாத்து ஒருத்தரு ஓடி வர்றாரு. "பாப்பா, பிரிண்ட்டு, பஸ்ஸு கெளம்புது!" வந்தவரைத் திருப்பி அனுப்ப முடியுமா? அட்டைப்பெட்டி மேலயே வச்சு, பழைய ஹார்ட் டிஸ்கைச் சொருகி பிரிண்ட் எடுத்துக் குடுத்தேன். அவருக்குப் பின்னாடி இன்னொருத்தரு. அவருக்குப் பின்னாடி பள்ளிக்கூடப் புள்ளைங்க ப்ராஜெக்டோட. சாயங்காலம் ஆயிருச்சு. "நாளைக்கு மாட்டிக்கலாம் சித்தப்பா, இன்னைக்கு ஒரு நாள் டெஸ்டிங்ல ஓடட்டும்"ன்னேன்.

இதுல என்ன தப்பு சொல்லுங்க.

மறுநாள் ஏதோ விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி. கூட்டம். அடுத்த வாரம் பாத்தா, போர்டுக்கு அடியில வைக்கிற குட்டிப் பித்தளைக் கால்ல ஒண்ணைக் காணோம். அது முக்கியம்ணே. அந்தக் காலு இல்லாமலோ, இல்ல எடம் மாத்தியோ வச்சா, போர்டோட முதுகு தகரத்துல இடிக்கும், டப்பு. ஏற்கனவே பல்லி பண்ணுன டப்பு கேட்டவ நான். சித்தப்பா மூலையில கெடந்த வேற ஒரு பழைய கேபினெட்டுல இருந்து ஒரு காலைக் கழட்டிக் கொண்டாந்து குடுத்தாரு. "இந்தா, மாட்டு." சரி மாட்டலாம்னு பாத்தா அன்னைக்குக் கரண்டு போயிப் போயி வருது. அந்த மாதிரி நாள்ல போயி யாராச்சும் மாட்டுவாங்களா? அப்புறம் அக்கினி நட்சத்திரம். அந்த வெக்கையில, மூடுன டப்பாவுக்குள்ள, பாவம் அது. வெளிய காத்தோட்டமா இருக்கட்டும்னு விட்டேன்.

இந்தக் கடையில யாரும் என்னை ஒரு வேலையை முழுசா முடிக்க விடுறதில்லண்ணே. அதான் என் வருத்தமே.

இதுக்கு நடுவுல ஒரு நாள் மேல பாத்தா செவுத்துல ரெண்டு பல்லி. போர்டைப் பாத்துக்கிட்டே நிக்குதுங்க. அதுல ஒண்ணு செத்துப் போனதோட சொந்தக்காரனாக்கூட இருக்கலாம். எனக்கு வேர்த்துப் போச்சு. நேரா வீட்டுக்குப் போயி, எங்கக்காவோட கைக்குழந்தை மேல கவுத்து வைக்கிற குடை கொசுவலை, யானைப் படம் போட்டது, அதைத் தூக்கிட்டு வந்து போர்டு மேல கவுத்துட்டேன். வயரெல்லாம் அடி வழியா வெளிய வரும். எவ்வளவு நல்ல யோசனை!

ஆனா கடைக்கு வர்றவங்க என்ன பண்றாங்க? வந்ததும் குரலைத் தாழ்த்திடுறாங்க. "பாப்பா தூங்குதா?" மெதுவா கேக்குறாங்க. "தூங்கலங்க, ஓடுது"ன்னா, "ஓடுற வயசா?"ங்குறாங்க. பூக்கார அக்கா ஒரு நாள் குனிஞ்சு உள்ள பாத்துட்டு, முகத்தைச் சுளிச்சு, ஒரு முழம் பூவை வலை மேல வச்சுட்டுப் போயிருச்சு. இன்னொரு பெரியவரு "கறுப்புக் கயிறு கட்டும்மா, எல்லார் கண்ணும் படுது"ன்னாரு.

அதுகூடப் பரவால்ல. நான் போர்டைத் தொடுறதுக்கு முன்னாடி ஷட்டரைத் தொடுறேன்ல, அதை எல்லாரும் பாத்துருக்காங்க. இப்ப கடைக்கு வர்ற எல்லாருமே ஷட்டரைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டுத்தான் உள்ள வர்றாங்க. நான் வெளக்கிச் சொன்னேன், "இது அறிவியல்ங்க, ஒடம்புல கரண்டு இருக்கும்." "இருக்கும்மா, இருக்கும், நம்மளுக்குத் தெரியுதா என்ன"ன்னுட்டு இன்னொரு தடவை தொட்டுக் கும்பிடுறாங்க. சித்தப்பா போன வெள்ளிக்கிழமை அதுக்குச் சந்தனம் வச்சுட்டாரு.

செல்வின் அண்ணன் வேற, இந்தப் பக்கம் போறப்ப எல்லாம் வண்டியை நிப்பாட்டிட்டு, "என்ன சிஸ்டம், புள்ளை இன்னும் கவுந்து படுக்கலையா?"ம்பாரு. இல்லன்னா, "மொட்டை எப்ப, காதுகுத்து எப்ப? எனக்குப் பத்திரிகை வைப்பீங்கள்ல?" சித்தப்பா சிரிப்பாரு. சிரிச்சுட்டு என்னைப் பாப்பாரு. "ஏம்மா யோகு, மாட்டிரலாம்ல?" நான் "மாட்டலாம் சித்தப்பா"ம்பேன். அமாவாசை வரும். ஆடி வரும். ஆடியில யாராச்சும் புதுசா ஒண்ணு ஆரம்பிப்பாங்களா? எனக்கு அதுல எல்லாம் நம்பிக்கை கெடையாதுண்ணே. ஆனா சித்தப்பா மனசு கஷ்டப்படக் கூடாதுல்ல. அவரு ஆடி பாக்க மாட்டாருங்கறது வேற விஷயம்.

அம்மா போன் பண்றாங்க. ஒரு நிமிஷம்.

சாப்பிட வரலையான்னு. மாட்டிட்டு வர்றேன்னு சொன்னேன். "இதையேதான் சித்திரையில இருந்து சொல்ற"ன்னுட்டு வச்சுட்டாங்க. வீட்டுலயும் ஒத்துழைப்பு கெடையாது.

போன வியாழக்கிழமைதான் கதை மாறுச்சு. ஒருத்தரு வேகமா வந்தாரு, பாஸ்போர்ட் போட்டோ வேணும்னு. தலை சீவணுமாம். கையில இருந்த சாவிக்கொத்து, அரைக்கிலோ இருக்கும், அதை வைக்க எடம் தேடுனாரு. வலையைத் தூக்குனாரு. வச்சாரு.

வச்சாரு இல்லண்ணே, வைக்கப் போனாரு. சித்தப்பா கல்லாவுல இருந்து பாஞ்சாரு பாருங்க! அந்த மனுஷன் மாடிப்படி ஏறுறதுக்கே முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறவரு. அந்தரத்துல சாவிக்கொத்தைப் பிடிச்சாரு. அந்தாளு பயந்துபோயி, "உங்க புள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே?"ன்னு கேட்டாரு. போட்டோவுல அவரு கண்ணு அவ்வளவு பெருசா விழுந்திருக்கு.

சித்தப்பா அன்னைக்குக் கடை சாத்துறப்பச் சொன்னாரு. "தாயி, எனக்கு நெஞ்சு படபடங்குது. ஞாயித்துக்கிழமை கடை லீவு. அன்னைக்கு நீ மாட்டுற. இல்லைன்னா செல்வின் மாட்டுவான். பேசுனது பேசுனதுதான்."

அந்த ஞாயித்துக்கிழமைதான் இது. சித்தப்பா டீ வாங்கப் போயிருக்காரு. காலையில இருந்து மூணாவது டீ. நான் கேபினெட்டைத் தொடச்சுட்டேன். அதுக்குள்ள அவரு இத்தனை நாளா டீ கிளாஸும் வடைப் பொட்டலமும் வச்சிருந்திருக்காரு, அந்த எண்ணெயை எடுக்கவே நேரம் போச்சு. பித்தளைக் கால் எல்லாம் போட்டாச்சு. எண்ணிப் பாத்தாச்சு. மறுபடியும் எண்ணிப் பாத்தாச்சு. இப்ப எனக்கு என்ன தோணுதுன்னா, மாட்டுறதுக்கு முன்னாடி இன்னும் ஒரே ஒரு தடவை வெளிய வச்சு டெஸ்ட் பண்ணிரலாமான்னு. ஏன்னா நேத்து ராத்திரிக்கு அப்புறம் அது ஓடுச்சான்னு யாருக்குத் தெரியும்? இப்ப ஆதாரோட வந்த அக்காவுக்கு எடுத்தது வெறும் ஜெராக்ஸ், அதுக்கு கம்ப்யூட்டர் வேண்டாம். அப்ப நியாயமா ஒரு டெஸ்ட்

சித்தப்பா வந்துட்டாரு.

"என்ன தாயி, இன்னும் செல்லுலயேவா இருக்க?"

"ஒரு அண்ணனுக்கு மதர்போர்டு மாட்டச் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்கேன் சித்தப்பா."

"நீயா?"

அந்த "நீயா"வுல ஒரு இழுப்பு இருந்துச்சுண்ணே, அதை டைப் பண்ண முடியாது. டீயைக் கீழ வச்சுட்டு போனை எடுத்துட்டாரு. ஸ்பீக்கர்ல வேற போடுறாரு. ரிங் போகுது. "சொல்லுங்க மாமா"ங்குறாரு செல்வின் அண்ணன். பின்னாடி தோசைக்கல்லு சத்தம். "செல்வினு, ஃப்ரீயா?" "புள்ளைக்கு என்ன மாமா, வயித்தால போகுதா?"

சுள்ளுன்னு ஏறுச்சு எனக்கு. "சித்தப்பா வைங்க போனை, மாட்டுறேன்"னு கத்திட்டேன். இருங்கண்ணே, போகாதீங்க. லைன்லயே இருங்க.

அண்ணே இருக்கீங்களா?

மாட்டிட்டேன்.

எல்லா ஸ்க்ரூவும் போட்டாச்சு. வலையைத் தூக்குனப்ப மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு, அதை விடுங்க. சித்தப்பா செல்லு டார்ச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு, வெளிச்சம் கடை பூரா சுத்துச்சு. ஒரு ஸ்க்ரூ உள்ள விழுந்துருச்சு. கேபினெட்டைத் தூக்கிக் கவுத்து ஆட்டுனோம், ரெண்டு பேரும் சேர்ந்து, உண்டியலைக் குலுக்குற மாதிரி. ஸ்க்ரூ வந்துச்சு. கூடவே ஒரு கடலைப்பருப்பும் வந்துச்சு. வயரெல்லாம் குடுத்துட்டேன். பட்டனோட வயரைக்கூட அந்த ரெண்டு ஊசியில சொருகிட்டேன். இனிமே ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், முன்னாடி பட்டனை அமுக்குனாப் போதும்.

இன்னும் அமுக்கல.

சும்மாதான். டீ ஆறிரும்ல, அதைக் குடிச்சுக்கிட்டு இருக்கேன்.

நீங்க மாட்டிட்டீங்களா? அட, நான் கதை சொல்லச் சொல்ல நீங்க பாட்டுக்கு மாட்டிட்டீங்களா! டெஸ்ட் பண்ணாமலா? சரி, பண்ணிட்டுத்தானா. பட்டன்? அமுக்கலையா? ஏன்? பயமா? இதுல என்னண்ணே பயம்!

சரி, ஒண்ணு பண்ணலாம். நான் மூணு எண்றேன். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அமுக்குவோம். எது ஆனாலும் ரெண்டு பேருக்கும் சேர்ந்தே ஆகட்டும். விரலை வச்சுக்கங்க.

ஒண்ணு.

ரெண்டு.

ரெண்டே கால்.

ரெண்டரை. அவசரப்படாதீங்க.

ரெண்டே முக்கால்.

மூணு!

என்னண்ணே ஆச்சு? ஓடுதா? உண்மையைச் சொல்லுங்க, அமுக்குனீங்களா இல்லையா?

நானும் அமுக்கல.

சரி மறுபடியும் முதல்ல இருந்து. இந்தத் தடவை நீங்க எண்ணுங்க, நான் கண்ணை மூடிக்கிறேன். ஐயோ, கண்ணை மூடுனா நீங்க அனுப்புறதை எப்படிப் படிக்கிறது? இருங்க, சித்தப்பாவைப் படிக்கச் சொல்றேன். சித்தப்பா, இங்க வாங்க, இந்த அண்ணன் ஒண்ணு ரெண்டுன்னு அனுப்புவாரு, நீங்க சத்தமாப் படிச்சு

அமுக்கிட்டாரு.

அண்ணே, சித்தப்பா அமுக்கிட்டாரு! வந்தாரு, என்னைப் பாத்தாரு, "பட்டன் எதுக்குத் தாயி இருக்கு"ன்னாரு, டீ கிளாஸ் வச்சிருந்த கையோட சுண்டு விரலால ஒரு தட்டு தட்டிட்டாரு!

ஃபேன் சுத்துது.

திரை கறுப்பாத்தான் இருக்கு. இன்னும் கறுப்பாத்தான் இருக்கு. சித்தப்பா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு.

வந்துருச்சு! அண்ணே வந்துருச்சு! எழுத்து வருது, படம் வருது, எல்லாம் வருது! சித்தப்பா செல்வின் அண்ணனுக்குப் போனைப் போட்டு ஸ்பீக்கர்ல வச்சு ஒண்ணுமே பேசாம ஃபேன் சத்தத்தை மட்டும் கேக்க வைக்கிறாரு. அவரு "ஹலோ ஹலோ"ங்குறாரு. சித்தப்பா கத்துறாரு, "எங்க சிஸ்டம் மாட்டிட்டா டேய்!"

அப்பவே சொன்னேன்ல, ரெண்டு நிமிஷ வேலைன்னு.

நீங்க என்னண்ணே இன்னும் விரலை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க? அமுக்குங்க. ஒரு பட்டனுக்குப் போயி இப்படியா பயப்படுவாங்க!